பதினோரு ராத்திரிகளும் ஒரு கையெழுத்தும்

"நாலு குண்டு போட்டா தானா வழிக்கு வருவாங்கப்பா" என்று டிவி செய்தி பார்த்துக்கொண்டிருந்த பையன் தீர்ப்பு சொன்னான். இதே கணக்கைப் போட்ட ஒரு பெரிய மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். ரிச்சர்ட் நிக்ஸன்.

1972 அக்டோபர். பாரிஸில் கிஸிஞ்சரும் வட வியட்நாமின் லே டுக் தோவும் பேசிப் பேசி ஒப்பந்த வரைவை ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். சமாதானம் கைக்கெட்டும் தூரம் என்று 26ஆம் தேதி கிஸிஞ்சர் பத்திரிகைக்காரர்களிடமும் சொல்லியாகிவிட்டது. முரண்டு பிடித்தவர் அமெரிக்காவின் சொந்த ஆள், தென் வியட்நாம் ஜனாதிபதி தியூ. வடக்கு ராணுவம் தெற்கிலேயே உட்கார்ந்திருந்தால் என் கதி என்ன என்றார். (நியாயமான கேள்விதான்.) 69 திருத்தங்கள் கேட்டார். அவற்றைக் கொண்டுபோய் வைத்ததும் ஹனோயும் தான் விட்டுக்கொடுத்ததில் சிலவற்றிலிருந்து பின்வாங்கியது. டிசம்பர் 13ல் பேச்சு முறிந்தது.

டிசம்பர் 18 முதல் 29 வரை, கிறிஸ்துமஸுக்கு மட்டும் லீவு விட்டு(!), பதினோரு ராத்திரிகள். குவாமிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் பி-52கள் 700 தடவைக்கு மேல் பறந்து வந்து சுமார் 15,000 டன் குண்டுகளைக் கொட்டின. முதல் மூன்று ராத்திரியும் கிட்டத்தட்ட ஒரே பாதை, ஒரே உயரம். ஏவுகணைக்காரர்களுக்கு டைம்டேபிள் கொடுத்த மாதிரி. மொத்தம் 15 பி-52கள் போயின, மூன்றாம் ராத்திரி மட்டும் ஆறு. கீழே பாக் மாய் ஆஸ்பத்திரி இடிந்தது. 26ஆம் தேதி இரவு காம் தியென் தெருவில் வீடுகள் வரிசையாகத் தரைமட்டம். ஹனோய், ஹைபாங் இரண்டிலும் சேர்த்து 1,600க்கு மேற்பட்ட ஜனங்கள் செத்ததாக வியட்நாம் கணக்கு.

1973 ஜனவரி 8ல் மறுபடி பேச்சு, 27ல் கையெழுத்து. பையன் சொன்னது சரிதானே என்று தோன்றும். ஆனால் அக்டோபரில் ஒத்துக்கொண்டதையும் ஜனவரியில் கையெழுத்தானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். (வவுச்சர் டிக் அடித்துப் பழகிய கை, சும்மா இருக்காது.) அங்கங்கே சில வார்த்தைகள்தான் மாறியிருக்கின்றன. தெற்கிலிருந்த வடக்கு ராணுவம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்படியானால் குண்டு யாரை மசிய வைக்க? என் கணக்கில் பெரும்பங்கு தியூவை. ஹனோய் ஒப்பந்தத்தை மீறினால் முழு பலத்தோடு திரும்பி வருவேன் என்று நிக்ஸன் அவருக்கு ரகசியக் கடிதங்கள் எழுதியிருந்தார். டிசம்பரில் காட்டியது அதற்கு சாம்பிள். கூடவே, நீ போடாவிட்டால் நான் தனியாகக் கையெழுத்துப் போடுவேன் என்ற மிரட்டலும் போனது. தியூ பணிந்தார்.

எங்கள் பாஷையில் சொன்னால், போர்டு சாங்ஷன் இல்லாமல் சேர்மன் தன் இஷ்டத்துக்குக் கொடுத்த கேரண்டி. அமெரிக்க காங்கிரஸுக்கு அந்தக் கடிதங்களைக் காட்டவே இல்லை. 1973 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தோசீனாவில் குண்டு போடவே பணம் கிடையாது என்று அது சட்டம் போட்டுவிட்டது. அடுத்த ஆகஸ்டில் நிக்ஸனே பதவியில் இல்லை.

தியூவின் அமைச்சராக இருந்த ஒருவர் அந்தக் கடிதங்களை வாஷிங்டனில் பத்திரிகைக்காரர்கள் முன் வெளியிட்டார். தேதி 1975 ஏப்ரல் 30. சைகோன் விழுந்த அதே நாள்.