ஆரம்பகால கையடக்கத் தொலைபேசிச் செயலிகள்: தளத் தெரிவு தீர்மானித்தவை

2007 ஆம் ஆண்டு மார்ச் மாதம் கென்யாவில் எம்-பேசா என்ற பணப் பரிமாற்றச் சேவை ஆரம்பிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் ஐபோன் விற்பனைக்கு வந்தது. உலகம் முழுவதும் ஐபோனைப் பற்றியே பேசியது. எம்-பேசாவோ நொக்கியா 1100 போன்ற சாதாரண தொலைபேசிகளிலும் இயங்கியது. நகரத்தில் உழைக்கும் மகன் கிராமத்தில் இருக்கும் தாய்க்குப் பணம் அனுப்ப அதுவே போதுமாக இருந்தது.

ஒரு செயலியை எந்தத் தளத்தில், எந்தக் கருவிகளைக் கொண்டு உருவாக்குகிறோம் என்பதைப் பொறுத்தே அது யாருடைய கைக்குப் போய்ச் சேரும், அதற்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும், எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பன பெரிதும் அமைகின்றன. 2000 முதல் 2010 வரையான காலம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. இடப்பெயர்வு, காணி இழப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய விபரங்களைத் தொலைபேசி வழியாகத் திரட்ட முனைவோருக்கு அந்த அனுபவம் இன்றும் பயன்படும்.

அன்றிருந்த தளங்கள்

அதிகமான தொலைபேசிகளில் இருந்தது ஜாவா. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1999 இல் அறிவித்த ஜே2எம்இ, சிறிய கருவிகளுக்கென்று குறுக்கப்பட்ட ஜாவா ஆகும். நிரலாளர் இலவச வயர்லெஸ் டூல்கிட்டைக் கணினியில் நிறுவி, செயலியை எழுதி, கணினித் திரையிலேயே பரிசோதிக்கலாம். முடிந்த ஜார் கோப்பை புளூடூத் வழியாகவும் தொலைபேசிக்கு மாற்றலாம்.

ஒருமுறை எழுதினால் எங்கும் இயங்கும் என்பதே ஜாவாவின் வாக்குறுதி. நடைமுறையில் ஒரு தொலைபேசியின் திரை 128க்கு 128 புள்ளிகள், இன்னொன்றின் திரை 240க்கு 320. நொக்கியாவின் சில மலிவான மாதிரிகள் 64 கிலோபைட்டை மீறிய கோப்பை ஏற்கவே இல்லை. ஆகவே ஒரே செயலிக்குப் பல பிரதிகளை உருவாக்க வேண்டியிருந்தது.

சிம்பியன் தளம் வலுவானது. 1998 இல் சயன், நொக்கியா, எரிக்சன், மோட்டோரோலா ஆகியவை இணைந்து சிம்பியன் நிறுவனத்தை அமைத்தன. கமரா, தொடர்பு எண்கள், கோப்புகள் அனைத்தையும் செயலியால் அணுக முடிந்தது. ஆனால் அதன் சி++ நடை கற்பதற்குக் கடினம். ஒன்பதாம் பதிப்பிலிருந்து, முக்கிய வசதிகளைத் தொடும் செயலிகளுக்கு முறையான ஒப்பச் சான்றிதழும் தேவைப்பட்டது. குவல்கொம் நிறுவனத்தின் பிரூ தளத்திலோ, தொலைபேசிச் சேவை நிறுவனத்தின் சம்மதமின்றிச் செயலி பாவனையாளரைச் சென்றடைவது அரிது.

2008 இல் நிலைமை மாறியது. அப்பிள் தனது செயலி அங்காடியை ஜூலையில் திறந்தது. அதற்கு மக் கணினி, ஆண்டுக்கு 99 டொலர், அப்பிளின் பரிசீலனை ஆகிய மூன்றும் வேண்டும். கூகுளின் அன்ரொய்ட் தளத்துக்கு அன்று எந்தக் கணினியிலும் எக்லிப்ஸ் கருவியைக் கொண்டு எழுத முடிந்தது. அங்காடியில் சேர ஒருமுறை 25 டொலர். அங்காடி இல்லாமலும் கோப்பை நேரடியாக நிறுவலாம்.

சிம் அட்டையும் குறுஞ்செய்தியும்

எம்-பேசா இவை எதையும் தெரிவு செய்யவில்லை. அது சிம் அட்டைக்குள்ளேயே ஒரு சிறிய பட்டியலாக அமைக்கப்பட்டது. தொலைபேசி எந்த நிறுவனத்துடையதானாலும் அது இயங்கியது. ஆனால் சிம் அட்டை சேவை நிறுவனத்தின் உடைமை. வெளியார் எவரும் அதற்குள் செயலி வைக்க முடியாது.

அந்த வாய்ப்பு இல்லாத சிறு அமைப்புகளுக்குச் சாதாரண குறுஞ்செய்தி இருந்தது. கென் பாங்ஸ் 2005 இல் உருவாக்கிய புரொன்ட்லைன்எஸ்எம்எஸ் மென்பொருளுக்கு ஒரு மடிக்கணினியும் கேபிளில் இணைத்த ஒரு தொலைபேசியும் போதுமாக இருந்தன. இணையம் தேவைப்படவில்லை.

2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கென்யாவில் வெடித்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நேரடி ஒளிபரப்புக்கு அரசு தடை விதித்தது. 2008 ஜனவரியில் தன்னார்வலர்கள் சிலர் உஷாஹிடி என்ற தளத்தை உருவாக்கினர். சுவாஹிலி மொழியில் அதன் பொருள் சாட்சியம். மக்கள் இணையம் வழியாகவும் குறுஞ்செய்தி வழியாகவும் அனுப்பிய சம்பவங்கள் வரைபடத்தில் இடம்பெற்றன. ஐபோன் செயலியாக மட்டும் அதை உருவாக்கியிருந்தால், சம்பவத்தைக் கண்ட மக்களில் மிகச் சிலரே எழுதியிருப்பர்.

ஆனால் குறுஞ்செய்தியில் ஓர் ஆபத்து உண்டு. யார், யாருக்கு, எப்போது அனுப்பினார் என்ற பதிவு சேவை நிறுவனத்திடம் இருக்கும். உள்ளடக்கமும் அனுப்புநரிலிருந்து பெறுநர் வரை மறைகுறியாக்கப்படுவதில்லை. சாட்சி சொல்பவரின் பாதுகாப்பு கேள்விக்குரியதாக இருக்கும் இடத்தில் இது சிறிய விடயமன்று.

தமிழ் தெரியுமா?

ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 இடங்களே உள்ளன. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிப்பதால், "முள்ளிவாய்க்கால்" என்ற எட்டு எழுத்துச் சொல்லுக்கு 16 இடங்கள் வேண்டும். பெயர், ஊர், திகதி, சம்பவம் என்று எழுதினால் ஒரு செய்தி இரண்டாகிவிடும், கட்டணமும் இரட்டிக்கும்.

பெரும்பாலான ஜாவா தொலைபேசிகளில் தமிழ் எழுத்துருவே இல்லை. முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 இல் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி திறந்தது. ஒபரா மினி உலாவியில், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் அமைப்பைத் தேடி மாற்றித் தமிழ்ச் செய்திகளை வாசித்தவர்கள் பலர். ஆரம்பகால அன்ரொய்ட்டிலும் தமிழ் வெறும் பெட்டிகளாகவே தெரிந்தது.

தெரிவுக்கு முன் கேட்க வேண்டியவை

முதலாவது, பயன்படுத்தப் போகிறவர்களிடம் இப்போது என்ன தொலைபேசி இருக்கிறது? திட்ட அலுவலகத்தில் உள்ள தொலைபேசியை வைத்து முடிவெடுக்கக்கூடாது.

இரண்டாவது, இணைப்பு இல்லாத இடத்தில் இயங்குமா? 2008 இல் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த ஓடிகே கருவி, படிவத்தைத் தொலைபேசியில் சேமித்து, இணைப்புக் கிடைத்ததும் அனுப்புகிறது. அதை அடிப்படையாகக் கொண்ட கோபோ கருவி, போருக்குப் பிந்திய சமூகங்களில் நடந்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது.

மூன்றாவது, தகவல் யாருடைய கணினியில் தங்குகிறது, யாரால் திறக்க முடியும்? தொலைபேசி பறிக்கப்பட்டால் அதில் என்ன இருக்கும்?

நான்காவது, தளம் மூடப்பட்டால் பதிவுகள் என்னவாகும்? நொக்கியா 2011 பெப்ரவரியில் விண்டோஸ் போனுக்கு மாறியது. 2014 ஆரம்பத்துடன் சிம்பியனுக்கான புதிய செயலிகளை அதன் அங்காடி ஏற்கவில்லை. அந்தத் தளத்துக்காகச் செலவிட்ட உழைப்பு அத்துடன் முடங்கியது. செயலிக்குள்ளேயே பூட்டிவைத்த பதிவுகளை வெளியே எடுப்பதும் கடினமானது.

ஆகவே திரட்டும் விபரங்களைச் சாதாரண அட்டவணைக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி முதல் நாளிலேயே இருக்க வேண்டும். பிரதி ஒன்றை வேறோர் இடத்தில் பூட்டிப் பாதுகாக்க வேண்டும். பெற்றோர் தம் பிள்ளையைப் பற்றிச் சொன்ன விபரம், செயலி போன பின்னரும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.