பேசிக்கொள்ளாத இருவர்

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்துக்கு ஒரு புதுப்படம் வந்தால், அது தேறுமா தேறாதா என்று சொல்ல இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். விமர்சகர்களுக்கென்று போடும் முன்காட்சியில் இருவரும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். படம் முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள், ஆளுக்கொரு காலைப் பத்திரிகையில் எழுதினார்கள். தங்களுக்குள் அவர்கள் பேசிக்கொண்டது அபூர்வம். அந்த மௌனம் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நீடித்தது.

முதலாமவர் ரோஜர் ஈபர்ட். அர்பானா என்ற பல்கலைக்கழக ஊரில் ஓர் எலெக்ட்ரீஷியனின் மகனாகப் பிறந்தவர். மீசை அரும்பும் வயதிலேயே உள்ளூர்ப் பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எழுதியவர். 1967-ல் 'சன்-டைம்ஸ்' நாளிதழ் அவரைத் திரைப்பட விமர்சகராக்கியபோது அவருக்கு வயது 24. எழுதும் வேகத்திலும் நடையிலும் நகரத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அந்த நம்பிக்கையைச் சோதிக்க எதிர்ப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார்.

அவர் ஜீன் சிஸ்கல். சிகாகோவிலேயே பிறந்தவர். பத்து வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்து, உறவினர் வீட்டில் வளர்ந்து, யேல் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். அவர் 1969-ல் சேர்ந்த 'ட்ரிப்யூன்' பத்திரிகையில் சினிமா விமர்சகருக்குப் பல காலமாகச் சொந்த முகமே இருந்ததில்லை. யார் எழுதினாலும் கீழே 'மே டினே' என்ற புனைபெயர்தான் வரும். மேட்னி காட்சியை நினைவூட்ட வைத்த பெயர் அது. சிஸ்கல் தன் சொந்தப் பெயரில் எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவர் மேஜைக்கு ஒரு விசேஷமான படம் வந்தது.

1970-ல் வெளியான 'பியாண்ட் த வேலி ஆஃப் த டால்ஸ்' படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் ரோஜர் ஈபர்ட். விமர்சகர் தானே களத்தில் இறங்கிவிட்டார். எதிர்ப் பத்திரிகைக்காரர் என்ன எழுதப்போகிறார் என்று நகரத்துச் சினிமா வட்டாரம் காத்திருந்திருக்கும். சிஸ்கல் அந்தப் படத்துக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. பூஜ்யம். அதற்குப் பிறகு இருவரும் ஒரே அறையில் உட்கார நேர்ந்தபோதெல்லாம் காற்று எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

1975-ல் போட்டி உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டு ஈபர்ட்டுக்கு விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. சினிமா விமர்சனம் எழுதும் ஒருவருக்கு அந்தப் பரிசு போனது அதுவே முதல் முறை. சிஸ்கலிடமோ ஈபர்ட்டிடம் இல்லாத ஒன்று இருந்தது. உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தியில் தோன்றிப் படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒருவர் கையில் பரிசு, இன்னொருவர் கையில் கேமரா. அப்போதுதான் டபிள்யூ.டி.டி.டபிள்யூ என்ற பொதுத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து இருவருக்கும் ஒரே அழைப்பு வந்தது.

புதுப்படங்களைப் பற்றி மாதம் ஒருமுறை ஒரு நிகழ்ச்சி. இரண்டு விமர்சகர்கள், படத்திலிருந்து சில காட்சிகள், பிறகு விவாதம். யோசனை இருவருக்கும் பிடித்திருந்தது. கூட உட்காரப்போகிறவர் யார் என்று தெரிந்ததும் இருவருமே ஒரே பதிலைச் சொன்னார்கள்: வேறு யாராவது என்றால் சரி, யாராக இருந்தாலும் சரி, அந்த ஆள் மட்டும் வேண்டாம்.

நிலையம் விடவில்லை. ஒருவழியாக இருவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்தது. முதல் முயற்சிகள் பார்க்கும்படியாக இல்லை. பேனாவைப் பிடித்தால் தடையின்றி எழுதும் ஈபர்ட், கேமராவுக்கு முன்னால் விறைத்துப்போனார். சிஸ்கலுக்கும் இயல்பு வரவில்லை. எழுதி வைத்ததை ஒருவர் பின் ஒருவராக ஒப்பித்தார்கள். நகரத்திலேயே கூர்மையான இரண்டு நாக்குகள் மந்தமாகிப்போயின. அத்துடன் அந்த நிகழ்ச்சி மறைந்திருந்தால் வியப்பில்லை. அதைக் காப்பாற்றியது தியா ஃபிளாம் என்ற தயாரிப்பாளரின் கண்.

அந்தப் பெண்மணி ஒன்றைக் கவனித்தார். இந்த இருவரும் கேமராவைப் பார்த்துப் பேசினால் நிகழ்ச்சி தூங்கிவிடுகிறது. ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசினால் தீப்பிடிக்கிறது. எனவே ஸ்டூடியோவில் ஒரு தியேட்டர் பால்கனியை எழுப்பினார். படம் பார்த்துவிட்டு எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து வாதாடும் இரண்டு ரசிகர்களாக இருவரையும் மாற்றினார். வாரத்தின் மிக மோசமான படம் வரும்போது பால்கனி நாற்காலியில் ஏறிக் குரைக்க ஸ்பாட் என்ற நாயும் வந்தது. இத்தனை ஆண்டுகள் இருவரும் மனத்துக்குள் சேர்த்து வைத்திருந்த பகை முழுவதும் இப்போது படங்களின் பெயரால் வெளியே கொட்டியது. நேயர்கள் பார்த்தது நடிப்பு அல்ல. அதனால்தான் அவர்கள் அடுத்த நிகழ்ச்சிக்கும் வந்தார்கள்.

'ஸ்னீக் பிரிவியூஸ்' என்ற பெயரில் 1978 வாக்கில் அந்த நிகழ்ச்சி அமெரிக்கா முழுவதும் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. கடைசியில் ஒவ்வொரு படத்தின் பெயரையும் சொல்லி இருவரும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று வாக்களித்தார்கள். நிகழ்ச்சியை முழுக்கப் பார்க்காதவருக்கும் முடிவு புரிந்துவிடும். அந்த ஒற்றைச்சொல் தீர்ப்புக்கு எவ்வளவு சக்தி என்று 1981-ல் தெரிந்தது.

அந்த ஆண்டு லூயி மால் இயக்கிய 'மை டின்னர் வித் ஆன்ட்ரே' வந்தது. இரண்டு நண்பர்கள் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். படம் நெடுகிலும் பேசுகிறார்கள். துரத்தல் இல்லை, பாட்டு இல்லை, கொலை இல்லை. நியூயார்க்கில் கூட்டம் வராமல் படம் பெட்டிக்குத் திரும்பும் நிலையில் இருந்தது. சிகாகோ பால்கனியிலிருந்து இருவரும் அதைக் கொண்டாடினார்கள். மக்கள் தேடி வந்தார்கள், படம் ஓராண்டு ஓடியது. தியேட்டர்க்காரர்களும் ஸ்டூடியோக்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்தச் செல்வாக்குக்கு என்ன விலை என்ற கேள்வி அடுத்து எழுந்தது.

1982-ல் நிலையத்துடன் ஒப்பந்தப் பேச்சு முறிந்தது. இருவரும் வெளியேறினார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தது 'ட்ரிப்யூன்' குழுமம். சிஸ்கலின் பத்திரிகை முதலாளிகள்தான். எதிர்ப் பத்திரிகையின் நட்சத்திர எழுத்தாளரான ஈபர்ட், போட்டியாளரின் கூடாரத்தில் சம்பளம் வாங்கத் தொடங்கினார். புது நிகழ்ச்சிக்கு 'அட் த மூவிஸ்' என்று பெயர். பால்கனி மறுபடியும் எழுந்தது, விவாதம் வந்தது. 'ஆம், இல்லை' மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. அங்கே வேறு இருவர் அதே நிகழ்ச்சியைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தார்கள். புதிய நிகழ்ச்சிக்குப் புதிய தீர்ப்பு முறை ஒன்று தேவைப்பட்டது.

ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் புரிய வேண்டும். இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே செய்ய வேண்டும். அட்டை, பலகை, மணி எதுவும் வேண்டாம். மனிதக் கையிலேயே பதில் இருந்தது. ரோமானிய வாள்வீரர்களின் களத்தில் தோற்றவனின் உயிரைத் தீர்மானித்ததாக ஓவியர்கள் வரைந்து பிரபலமாக்கிய சைகை அது. 1982-ல் இரண்டு சினிமா விமர்சகர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். படம் பிடித்திருந்தால் கட்டைவிரல் மேலே. பிடிக்கவில்லையென்றால் கீழே.

இன்று படத்தின் போஸ்டரிலும் கைப்பேசித் திரையிலும் யாரும் நின்று யோசிக்காமல் கடந்துபோகும் அந்தத் தூக்கிய கட்டைவிரல், சினிமாத் தீர்ப்பாக நாடறிந்தது அந்தப் பால்கனியிலிருந்துதான். சைகை பழையதாக இருந்தும், 'டூ தம்ப்ஸ் அப்' என்ற சொற்றொடர் வணிக முத்திரையாகப் பதிவானது. இருவர் விரலும் மேலே போனால் விளம்பரத்தில் படத்தின் பெயருக்கு அருகிலேயே அதை அச்சடித்தார்கள். விரலில் இவ்வளவு பணம் ஒட்டிக்கொண்ட பிறகு, அதைத் தூக்கியவர்களுக்கு நிம்மதி கிடைத்ததா?

1986-ல் இருவரும் டிஸ்னி நிறுவனத்துக்கு மாறினார்கள். 'ட்ரிப்யூன்' பொறுக்கவில்லை. 17 ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்த சிஸ்கலை முதன்மை விமர்சகர் நாற்காலியிலிருந்து இறக்கி, கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் எழுத்தாளராக்கியது. நாடே அறிந்த விமர்சகருக்குத் தன் சொந்த ஊர்ப் பத்திரிகையில் நாற்காலி இல்லாமல் போனது. அவர் அதைப் பொதுவெளியில் சண்டையாக்கவில்லை. சண்டை போட அவருக்கு வேறோர் இடம் இருந்தது.

1987-ல் ஒரே நிகழ்ச்சியில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று ஸ்டான்லி குப்ரிக்கின் போர்ப்படம் 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்'. இன்னொன்று காட்டில் தொலைந்த நாய் ஒன்றின் கதை, 'பெஞ்சி த ஹன்டட்'. ஈபர்ட் நாய்ப்படத்துக்கு விரலை உயர்த்தினார், குப்ரிக்குக்குத் தாழ்த்தினார். சிஸ்கலுக்குத் தாங்கவில்லை. அதெப்படி இதற்கு மேலே, அதற்குக் கீழே என்று நேயர்கள் முன்னிலையிலேயே பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படத்தையும் அது எடுத்துக்கொண்ட நோக்கத்தை வைத்தே அளக்க வேண்டும், நாயையும் ராணுவத்தையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பது ஈபர்ட்டின் வாதம். அன்று யார் சொன்னது சரி என்பதில் சினிமா ரசிகர்கள் இன்னும் உடன்படவில்லை.

கண்டனமும் எழுந்தது. 'டைம்' வார இதழின் விமர்சகர் ரிச்சர்ட் கார்லிஸ் 1990-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். எழுத்தில் வளர்ந்த ஒரு கலையை இவர்கள் ஒரு விரலுக்குச் சுருக்கிவிட்டார்கள் என்பது அவருடைய வருத்தம். அந்தக் கட்டுரை வந்த இதழிலேயே ஈபர்ட் பதில் எழுதினார். கார்லிஸின் வருத்தத்தில் பாதி நியாயம் உண்டு. விளம்பரத்தில் விரலை மட்டும் பார்த்தவர்களுக்கு விமர்சனம் அவ்வளவுதான் என்று தோன்றியிருக்கும். ஆனால் நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு விரல் கடைசி நொடி மட்டுமே. அதற்கு முன்னால், ஒரு காட்சி ஏன் பொய்யாகத் தெரிகிறது, ஒரு நடிகர் எங்கே உண்மையைத் தொடுகிறார் என்று, படித்த இரண்டு மனிதர்கள் சாதாரண மொழியில் மல்லுக்கட்டிய நிமிடங்கள் இருந்தன. அந்த நிமிடங்களின் வலிமைக்கு 1996-ல் ஒரு சாட்சி கிடைத்தது.

ஜான் வூ இயக்கிய 'புரோக்கன் ஆரோ' படத்துக்கு சிஸ்கல் முதலில் விரலை உயர்த்தினார். ஈபர்ட் தன் எதிர்ப்பை ஒவ்வொன்றாக அடுக்கினார். கேட்டுக்கொண்டிருந்த சிஸ்கல் அந்த இடத்திலேயே மனம் மாறி விரலைக் கீழே திருப்பினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் எதிராளியிடம் தோற்கக்கூடாது என்று வாழ்ந்த மனிதர் அவர். இருவரில் யாரும் அப்படிச் செய்து நேயர்கள் பார்த்ததில்லை. பகை எப்போதோ வேறொன்றாக மாறிவிட்டிருந்தது. அது என்ன என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்ல அதிகக் காலம் மிச்சமில்லை.

1998 மே மாதம் சிஸ்கலுக்கு மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தேறிக்கொண்டிருந்த நாட்களில் தொலைபேசி வழியாகவே விமர்சனம் சொன்னார். மறு ஆண்டு விடுப்பு எடுத்தபோது, தான் இல்லாத நேரத்தில் ரோஜர் திரையை அதிகம் பிடித்துக்கொள்ளக்கூடாது, அதற்காகவே சீக்கிரம் குணமாக அவசரப்படுகிறேன் என்று அறிவித்தார். 1999 பிப்ரவரி 20-ல் அவர் இறந்தார். வயது 53.

ஈபர்ட் 2000-ஆம் ஆண்டு முதல் ரிச்சர்ட் ரோப்பரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். 2006-ல் புற்றுநோய்ச் சிகிச்சையின் சிக்கல்கள் அவருடைய குரலைப் பறித்தன. விவாதத்தால் பிறந்த விரலுக்கு விவாதிக்கும் வாய் இல்லாமல் போனது. விரலுக்கான உரிமையோ ஈபர்ட்டிடமும் சிஸ்கலின் குடும்பத்திடமும் இருந்தது. 2007-ல் டிஸ்னியுடன் பேச்சு இழுபறியானபோது, 25 ஆண்டுகள் ஏறி இறங்கிய கட்டைவிரல் அந்தத் திரையிலிருந்து மறைந்தது. 2010-ல் நிகழ்ச்சியும் நின்றது. 2011-ல் ஈபர்ட்டின் முயற்சியில் பொதுத் தொலைக்காட்சியில் விரல் ஓராண்டு மட்டும் திரும்பி வந்தது, பிறகு பணம் தீர்ந்தது.

பேச முடியாத ஈபர்ட் எழுத்துக்குத் திரும்பினார். இளமையில் 'சன்-டைம்ஸ்' மேஜையில் எழுதியதைவிட வேகமாக எழுதினார். 2013 ஏப்ரல் 2 அன்று, புற்றுநோய் மீண்டும் வந்திருப்பதால் இனி விரும்பிய படங்களுக்கு மட்டும் எழுதப்போவதாக வாசகர்களுக்குத் தெரிவித்தார். இரண்டு நாள் கழித்து, 70-வது வயதில் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் தன் தொழில்வாழ்க்கையிலேயே மிக அதிகமாக எழுதிய ஆண்டு என்று அந்தக் கடைசிக் குறிப்பில் கணக்குச் சொல்லியிருந்தார்: சினிமா விமர்சனங்கள் மட்டும் 306.