ஃபுஸ்தாத்தின் காலுறைகள்: ஒரு பின்னற்கலையின் பழைய மாதிரிகள்

இஸ்லாமிய நாகரிகத்தின் ஆடை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசவைப் பட்டிலிருந்தே தொடங்குவர். கலீபாக்களின் பெயர் பொறித்த திராஸ் துணிகள், உஸ்மானியரின் கஃப்தான்கள், அந்தலூசியாவின் பொன்னிழைப் பட்டுகள் ஆகியவை அருங்காட்சியகங்களின் நடுக்கூடங்களை அலங்கரிக்கின்றன. நாம் இங்கு எடுத்துக்கொள்வது அவற்றின் அருகே, ஓர் ஓரப் பேழையில் கிடக்கும் எளிய பொருள்: நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலால் கையால் பின்னப்பட்ட எகிப்தியக் காலுறை.

பின்னல் என்றதும் குளிர்நாட்டு மூதாட்டியும் கம்பளி நூற்கண்டும் நம் நினைவுக்கு வருகின்றன. இது ஐரோப்பாவின் கலை என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். ஆனால் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகளைக் கொண்டு, கண்ணிக்குள் கண்ணியை இழுத்துப் பின்னும் உண்மையான பின்னலுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகள் இஸ்லாமிய எகிப்தைச் சார்ந்தவை. அவற்றுள் பல ஏறத்தாழ கி.பி. 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்துக்கு உரியனவாகக் கணிக்கப்பட்டுள்ளன. அதாவது பாத்திமியர், அய்யூபியர், மம்லூக்குகள் ஆகியோரின் காலம். இவை வாஷிங்டனில் 1925இல் நிறுவப்பட்ட துணி அருங்காட்சியகம் உள்ளிட்ட பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

ஒற்றை ஊசியும் இரட்டை ஊசியும்

இம்முடிவுக்கு ஆய்வாளர்கள் எளிதில் வந்துவிடவில்லை. எகிப்தின் அல்-பஹ்னஸாவில், பண்டைய ஒக்ஸிரிங்கஸ் நகரில், கிடைத்த சிவப்புக் கம்பளிக் காலுறை இணையொன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது கி.பி. 250க்கும் 420க்கும் இடைப்பட்டது என்று மதிப்பிடப்படுகிறது. சிரியாவின் தூரா யூரோப்பஸ் நகரம் கி.பி. 256இல் சாசானியரால் அழிக்கப்பட்டது. அதன் இடிபாடுகளிலிருந்தும் இத்தகைய துணுக்குகள் எடுக்கப்பட்டன. 1945இல் வெளியான அகழாய்வு அறிக்கை அவற்றைப் பின்னல் என்றே பதிவு செய்தது. ஆகவே பின்னற்கலை இஸ்லாத்துக்கு முந்தியது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது.

1972இல் டோரத்தி பேர்ன்ஹாம் என்ற துணியியல் அறிஞர் இக்காலுறைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவை துளையுள்ள ஒரே ஊசியால், துண்டு துண்டான நூலைக் கண்ணிகளின் ஊடே முழுமையாகச் செலுத்தித் தைக்கப்பட்டவை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஸ்காண்டிநேவியச் சொல்லால் நோல்பிண்டிங் என வழங்கும் முறை இது. மேற்பரப்பைப் பார்த்தால் இரண்டும் ஒன்றே போல் தோன்றும். செய்முறையோ முற்றிலும் வேறு. ஊசிகளால் பின்னியதில் ஓர் இழையைப் பிடித்து இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்துவிடும். ஒற்றை ஊசியால் தைத்தது பிரியாது. பின்னலுக்கு முடிவில்லாத நீள நூல் போதும். தையலுக்கோ கைக்கு அடங்கும் அளவுள்ள நூலை அடிக்கடி ஒட்டுப்போட வேண்டும்.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. நீள நூலைக் கொண்டு விரைந்து பின்ன முடிந்ததால்தான் காலுறை பெருந்தொகையான மக்களுக்கு உரிய பொருளாக மாற முடிந்தது. பிற்காலத்தில் 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ அமைத்த பின்னற்பொறி இக்கண்ணியையே இயந்திரத்துக்குக் கற்பித்தது. திருப்பூரின் பனியன் துணியை உருப்பெருக்கியில் பார்த்தால் நாம் காண்பதும் அதே கண்ணிதான்.

ஜவ்ரப்: நூல்களில் ஒரு காலுறை

துணுக்குகள் பேசாதவற்றைச் சிலபோது நூல்கள் பேசுகின்றன. காலுறைக்கு அரபியில் வழங்கும் ஜவ்ரப் என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்தபோது தம் ஜவ்ரபுகள் மீதும் செருப்புகள் மீதும் மஸ்ஹு செய்தார்கள் என்று முகீரா இப்னு ஷுஅபா (ரலி) வழியாக ஒரு செய்தி அறிவிக்கப்பட்டுள்ளது. அதை இமாம் திர்மிதீ (இறப்பு ஹிஜ்ரி 279) ஏற்றுப் பதிவு செய்கிறார். இமாம் அபூதாவூத் (இறப்பு ஹிஜ்ரி 275) அவ்வறிவிப்பின் மீது எழுந்த தடையையும் குறிப்பிட்டு, அலீ (ரலி), அனஸ் (ரலி) முதலான தோழர்கள் ஜவ்ரப் மீது மஸ்ஹு செய்ததையும் எடுத்துரைக்கிறார். ஹதீஸ் கலையின் அந்த விவாதத்துக்குள் நாம் இங்கே புகவில்லை. ஆடை வரலாற்றை நாடுவோருக்கு அதில் ஒரு சான்று கிடைக்கிறது: காலுறையும் செருப்பும் ஒருசேர அணியப்பட்டன. அல்-பஹ்னஸாவின் சிவப்புக் காலுறைகளில் கட்டைவிரலுக்குத் தனி அறை விடப்பட்டிருப்பதும் வாரச் செருப்பை அதனோடு அணிவதற்காகவே. ஏட்டின் சொல்லும் மண்ணின் பொருளும் இவ்விடத்தில் ஒன்றையொன்று விளக்குகின்றன.

ஃபிக்ஹு அறிஞர்கள் எந்தக் காலுறை மீது மஸ்ஹு கூடும் என்று ஆராய்ந்தபோது அதன் தன்மைகளை நுட்பமாக வகுத்தனர். மாலிகி மத்ஹபு தோல் போர்த்தியிருக்க வேண்டும் என்றது. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா தோல் வேண்டும் என்றும், அவர்தம் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் தடிப்பானது போதும் என்றும் கூறினர். பின்னர் ஆசிரியரும் அக்கருத்துக்குத் திரும்பினார் என்று அம்மத்ஹபின் நூல்கள் குறிக்கின்றன. ஷாஃபிஈ அறிஞர்கள் தொடர்ந்து நடக்கத் தாங்குமா என்று கேட்டனர். ஹன்பலி அறிஞர்கள் கட்டாமலே காலில் நிற்குமா என்று பார்த்தனர். மெல்லியதும் தடித்ததும், தோலடி வைத்ததும் வைக்காததுமாகப் பலவகைக் காலுறைகள் அன்றைய கடைத்தெருவில் இருந்திராவிடில் இவ்வினாக்கள் எழுந்திரா. ஆனால் ஜவ்ரப் என்ற சொல் தைத்ததா, நெய்ததா, பின்னியதா என்பதைச் சொல்வதில்லை. ஆகவே அச்சொல்லைக் கண்ட இடமெல்லாம் பின்னலைக் காண்பது தவறாகும்.

மாதிரி எங்கே இருக்கிறது?

இன்று பின்னல் கற்போர் அச்சிட்ட மாதிரியைப் பின்பற்றுகின்றனர். ஆங்கிலத்தில் அச்சான மிகப் பழைய பின்னல் குறிப்பு 1655இல் வெளியான ஒரு மருத்துவ, இல்லறக் குறிப்பு நூலில் உள்ளது. அதுவும் காலுறைக்கானதே. அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் மாதிரி கையிலும் கண்ணிலும் வாழ்ந்தது. தாய் மகளுக்கும் உஸ்தாத் மாணவனுக்கும் காட்டிக்கொடுத்தார். எழுதி வைத்தவர் இல்லை. ஆகவே எகிப்தியக் காலுறைக்குக் காலுறையே மாதிரி.

அதைப் படிக்கும் வழி ஒன்றுண்டு. கட்டமிட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று எண்ணி, நீலத்தையும் வெள்ளையையும் குறித்துக்கொண்டு, பிறகு அதே வரிசையில் மீண்டும் பின்னிப் பார்ப்பதாகும். பழைய மாதிரிகளில் ஆர்வமுடைய பின்னற்காரர்கள் பல நாடுகளில் இதைச் செய்து வருகின்றனர். கண்ணி எத்திசை நோக்கி நிற்கிறது என்பதைக் கொண்டு வேலை எங்கே தொடங்கிற்று என்று கண்டுகொள்ளலாம். எகிப்தியக் காலுறை விரல்நுனியில் சில கண்ணிகளோடு தொடங்குகிறது. பின்னர் கண்ணிகள் பெருகிக் குழாய் வடிவம் பெற்று மேல்நோக்கி வளர்கிறது. குதிகால் இறுதியில்தான் சேர்க்கப்படுகிறது.

குதிகாலை ஏன் கடைசிக்கு ஒதுக்கினர்? பின்னிப் பார்ப்போருக்கு விடை தெளிவாகிறது. முதலில் தேய்ந்து கிழிவது குதிகால். தனியே சேர்த்ததைத் தனியே பிரித்து எடுத்துப் புதிதாகப் பின்னிவிடலாம். மீதிக் காலுறை பழுதின்றி இருக்கும். பழுதுபார்ப்பதைத் தொடக்கத்திலேயே எண்ணிச் செய்த அமைப்பு இது. மேலும், இரு நிற நூல்களும் வரிசை முழுதும் உடன் செல்கின்றன. மேலே தோன்றாத நிறம் உட்புறம் இழையாக ஓடுகிறது. இதனால் துணி ஏறத்தாழ இருமடங்கு தடிப்பாகிறது. அழகுக்காகச் சேர்த்த இரண்டாம் நிறம் உறுதியையும் தந்தது.

காலில் இறைநாமமா?

இக்காலுறைகள் சிலவற்றின் பட்டைகளில் கூஃபி எழுத்தில் அல்லாஹ் என்ற திருநாமம் பின்னப்பட்டுள்ளது என்று பின்னல் வரலாற்று நூல்கள் பல எழுதுகின்றன. நம் வாசகருக்கு இது உடனே உறுத்தும். இறைநாமம் பொறித்த மோதிரத்தோடு கழிப்பிடம் செல்வதையே வெறுக்கத்தக்கதாகக் கருதிய மரபில், அந்நாமத்தைக் காலில் அணிந்து தெருப்புழுதியில் நடந்திருப்பார்களா?

இவ்வினாவுக்கு உணர்ச்சியால் விடை காண இயலாது. திராஸ் மரபின் செல்வாக்கினால் எழுத்துப்பட்டை என்பது துணியின் வழக்கமான அணியாகிவிட்டது. அரசுப் பட்டறைகளுக்கு வெளியே, அரபி படிக்கத் தெரியாத கைவினைஞர்கள் அவ்வெழுத்தின் தோற்றத்தை மட்டும் படியெடுத்தனர். பொருளற்ற போலிக் கூஃபி வரிகள் அக்காலத் துணிகளில் ஏராளம். அலிஃபும் இரு லாமும் ஹாவும் கட்டங்களுக்குள் வந்தால் சில நெடுங்கோடுகளும் ஒரு சிறு வளைவுமே எஞ்சும். நெடுங்கோடுகளை அடுக்கி எந்த அணி பின்னினாலும் அது அந்நாமம் போல் தோன்றக் கூடும்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைவுகூரத் தக்கது. 2017இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் வைக்கிங் காலப் பட்டை ஒன்றில் அல்லாஹ் என்ற சொல் நெய்யப்பட்டிருப்பதாக அறிவித்தார். உலகெங்கும் செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. நம் சமுதாயத்திலும் பலர் மகிழ்ந்தனர். சில நாள்களிலேயே இஸ்லாமியக் கலை வரலாற்று அறிஞர் ஸ்டெஃபனி மல்டர் மறுப்பு எழுதினார். அத்தகைய சதுரக் கூஃபி எழுத்து பத்தாம் நூற்றாண்டில் வழக்கில் இல்லை என்றும், அச்சொல்லைப் படிக்க வேண்டுமானால் எஞ்சியிருக்கும் பட்டையின் விளிம்புக்கு அப்பால் இல்லாத இழைகளைக் கற்பித்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் காட்டினார். சான்று நமக்கு இனிக்கிறது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. எகிப்தியக் காலுறைகளிலும் ஒவ்வொரு துணுக்கையும் தனித்தனியே, கண்ணி எண்ணிப் படிப்பதே நேரிய வழி.

புர்கோஸின் தலையணை

ஐயமின்றிப் படிக்கத்தக்க பின்னல் எழுத்து ஒன்று ஸ்பெயினில் கிடைத்தது. புர்கோஸ் நகரின் லாஸ் உவெல்காஸ் மடத்தில் கஸ்தீல் அரசகுடும்பத்தார் அடக்கம் செய்யப்பட்டனர். அக்கல்லறைகள் 1940களில் திறந்து ஆராயப்பட்டன. கோமெஸ் மொரேனோ 1946இல் அதன் முடிவுகளை நூலாக வெளியிட்டார். பத்தாம் அல்ஃபோன்சோவின் மூத்த மகனும் 1275இல் இறந்தவருமான ஃபெர்னாந்தோ தெ லா செர்தாவின் கல்லறையில் பட்டு நூலால் பின்னிய தலையணை உறை ஒன்று இருந்தது. அதில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 கண்ணிகள் உள்ளன. இன்று வழக்கமான கம்பளிச் சட்டையில் ஐந்தாறு கண்ணிகளே இருக்கும் என்பதை ஒப்பிட்டால் அக்கைகளின் தேர்ச்சி விளங்கும். கழுகும் கோட்டையும் அல்லிமலரும் உறையின் நடுவில் இடம்பெற, விளிம்பில் கூஃபி எழுத்தில் பரக்கத் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது.

இதைப் பின்னியவர்கள் கிறித்தவ அரசின்கீழ் பணிபுரிந்த முஸ்லிம் கைவினைஞர்கள் என்பது ஆய்வாளரிடையே நிலவும் கருத்து. முஸ்லிம்களை வென்று நிலத்தைக் கைப்பற்றிய மரபில் வந்த இளவரசன், தன் இறுதி உறக்கத்தில் அரபி மொழியின் அருள்வாழ்த்தின் மீது தலைவைத்துக் கிடந்தான். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலிய ஓவியர்கள் மர்யம் அன்னையைப் பின்னல் ஊசிகளோடு வரையத் தொடங்கினர். இக்கலை ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குள் சென்றிருக்கலாம் என்று கருதுவோர் உளர். அவ்வழியின் ஒவ்வொரு படியும் இன்னும் நிறுவப்படவில்லை.

ஃபுஸ்தாத்தின் குப்பைமேடுகளிலிருந்து கிடைத்த துணுக்குகள் பலவும் வணிகர் கைமாறி விற்கப்பட்டவை. எந்த அடுக்கில், எதனோடு கிடந்தன என்ற குறிப்பு அவற்றுக்கு இல்லை. ஆதலால் காலக்கணிப்பும் தளர்வாகவே உள்ளது. செய்தவர் பெயரோ அறவே இல்லை. ஆணா பெண்ணா, முஸ்லிமா கிப்தியக் கிறித்தவரா என்று நம்மால் சொல்ல இயலாது. எனினும் குதிகாலைக் கடைசிக்கு ஒதுக்கிய அவர்தம் அறிவு, கண்ணிகளில் பிழையின்றி நிற்கிறது. இன்று ஒருவர் ஊசிகளை எடுத்து அம்மாதிரியை விரல்நுனியிலிருந்து தொடங்கினால், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நைல் நதிக்கரையில் அமர்ந்திருந்த ஒருவரின் கையசைவை அப்படியே திரும்பச் செய்கிறார். அரசர்களின் பெயர் பொறித்த திராஸ் துணிகளுக்குப் பேரறிஞர் பலர் விளக்கம் எழுதியுள்ளனர். இக்காலுறைகளுக்கும் அரபி எழுத்துக்கலை அறிந்தவரும் பின்னல் அறிந்தவரும் ஒருங்கே அமர்ந்து ஒரு முழுமையான பட்டியல் தயாரிக்க வேண்டும். அரபியும் கைத்தொழிலும் ஒருசேர வழங்கும் நம் குடும்பங்களிலிருந்து அப்பணிக்கு ஒருவரேனும் முன்வருவாராயின் அது இக்கலைக்குச் செய்யும் நற்கடனாகும்.