மூன்றங்குல மீனும் மூழ்கிய நிலமும்

ஒரு சிறு மீனுக்காகப் பேரணை ஒன்றை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு காலத்தில் பத்திரிகைகள் எள்ளி நகைத்தன. ஐக்கிய அமெரிக்காவின் ரெனெசி மாநிலத்தில் நிகழ்ந்த அவ்வரலாற்றை ஆராய்வோர்க்கு நகைப்பு எழாது.

லிற்றில் ரெனெசி ஆறு செரோக்கி மக்களின் தாயகத்தினூடாகப் பாய்ந்தது. அவர்தம் பழந்தலைநகரான சோட்டாவும், மாநிலத்துக்கே பெயரளித்த தனசியும் அதன் கரையில் இருந்தன. 1933இல் நிறுவப்பெற்ற ரெனெசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை, 1967இல் அவ்வாற்றின் குறுக்கே ரெலிக்கோ அணையைக் கட்டத் தொடங்கியது. அவ்வணையில் மின்பிறப்பாக்கி ஒன்றேனும் இல்லை; அதன் நீர் கால்வாய் வழியே அயலணைக்குத் திருப்பப்படும். கரையோர நிலத்தைத் தொழிற்சாலைகளுக்கும் புதுநகருக்கும் விற்பதே திட்டத்தின் உயிர்நாடி. இதற்கென ஏறத்தாழ 38,000 ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. நீரில் மூழ்கவிருந்ததோ அதிற் பாதிக்கும் குறைவு. முந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் நிலமிழந்தன.

1973 ஆகஸ்டில் விலங்கியற் பேராசிரியர் டேவிட் எற்னியர் அவ்வாற்றில் மூன்றங்குல மீனொன்றைக் கண்டார். தெளிந்தோடும் நீரும் பரற்கற்கள் நிறைந்த அடித்தளமுமே அதன் வாழிடம். நத்தைகளே அதன் இரை. அதனால் 'சினெயில் டாட்டர்' என்று பெயர் பெற்றது. ஓடும் ஆறு தேங்கினால் அது அங்கு வாழாது. உழவரும் மாணவரும் அவ்வாண்டு இறுதியில் இயற்றப்பட்ட அருகிவரும் உயிரினச் சட்டத்தைத் துணைகொண்டு வழக்காடினர். 1978இல் உயர்நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையால் அணையைத் தடுத்தது.

அடுத்து நிகழ்ந்ததே கருதத்தக்கது. விலக்களிக்கலாமா என ஆராய அமைச்சர்மட்டக் குழுவொன்று அமைக்கப்பட்டது. வேலை பெரும்பாலும் முடிந்திருந்தும், திட்டம் பொருளாதார அடிப்படையிலேயே நியாயமற்றது என 1979 ஜனவரியில் அக்குழு ஏகமனதாக முடிவுசெய்தது. ஆயினும், நிதி மசோதா ஒன்றில் சில வரிகளைச் சேர்த்துக் காங்கிரஸ் அணைக்கு விலக்களித்தது. செப்டெம்பரில் ஜனாதிபதி காட்டர் ஒப்பமிட்டார். முன்னோர் புதைகுழிகளைக் காக்கச் செரோக்கி மக்கள் தொடுத்த வழக்கும் தோற்றது. நவம்பர் 29இல் மதகுகள் மூடப்பட்டன.

மீன் முற்றாக அழியவில்லை. வேற்றாறுகளில் விடப்பட்டும், பிறவிடங்களிற் புதிதாகக் கண்டறியப்பட்டும் பிழைத்தது. 2022இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அது தனியினமே அன்று என 2025இல் ஆய்வாளர் சிலர் வாதித்தனர். அவ்வாதம் மெய்யாயினும் அக்குழுவின் கணக்கு பொய்யாகாது.

உழவர் இழந்த நிலத்தின் ஒரு பகுதியில் இன்று வசதி படைத்தோர் குடியிருப்பும் கோல்ப் திடல்களும் விளங்குகின்றன. மனிதனுக்கும் மீனுக்கும் இடையில் நிகழ்ந்த போராட்டமன்று அது. மீனும் உழவனும் ஒரு கரையில் நின்றனர். மறுகரையில் நின்றது நிலவணிகம். 'வளர்ச்சி' என்ற சொல்லை மாணவர்க்குக் கற்பிக்கும்போது, யாருடைய நிலத்தில், யாருடைய வளர்ச்சி என்ற வினாவையும் சேர்த்துக் கற்பிப்பது ஆசிரியர் கடன்.