ஷிவர்: இரண்டு வேர், ஓர் உருவம்

போன மாதம் எங்கள் வாசிப்புக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு தம்பி எழுதியிருந்தான். "அண்ணே, இங்கிலீஷ்ல ஷிவர்னு சொல்றாங்களே, அது நம்ம சிலிர்ப்புதான். நம்மகிட்டேருந்து போன சொல் லா." பத்து நிமிடத்தில் கைத்தட்டல் பொம்மைகள் குவிந்துவிட்டன. எனக்கும் ஒரு நொடி புல்லரித்தது, பொய் சொல்லவில்லை. பிறகு அகராதியைத் திறந்தேன். அங்கே இருந்தது வேறு கதை.

ஷிவர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குளிரிலோ பயத்திலோ உடம்பு நடுங்குவது. ஆனால் அதே எழுத்தில், அதே உச்சரிப்பில் ஆங்கிலத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. பெயர்ச்சொல்லாக வந்தால் சில்லு அல்லது சிராய்; வினையாக வந்தால் சில்லுச் சில்லாகச் சிதறுவது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் என்றுதான் யாரும் நினைப்போம். பிறப்பால் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள்.

நடுங்கும் ஷிவர் இடைக்கால ஆங்கிலத்தில் 'ச்' ஒலியோடு தொடங்கியது. 'ச்சிவெரன்' என்பது அதன் பழைய வடிவங்களில் ஒன்று. தாடையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லோடு அதற்கு உறவு இருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் ஊகிக்கிறார்கள். குளிரில் முதலில் தந்தியடிப்பது பல்தானே! சிதறும் ஷிவருக்கு வேறு குடும்பம். அதன் சொந்தக்காரர் ஜெர்மன் மொழியில் இன்னும் இருக்கிறார்: 'ஷீஃபர்'. தகடு தகடாகப் பிளக்கும் சிலேட்டுக் கல்லின் பெயர் அது. நாளடைவில் முதல் சொல்லின் 'ச்' தேய்ந்து 'ஷ்' ஆனது. இரண்டு சொற்களும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டன.

இந்தக் குழப்பத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்கள் கடற்கொள்ளையர்கள், அதாவது கதைகளில் வரும் கடற்கொள்ளையர்கள். 1883இல் நூலாக வந்த ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவலில் ஒற்றைக்கால் லாங் ஜான் சில்வர் வாய்க்கு வாய் சொல்வது "ஷிவர் மை டிம்பர்ஸ்". ஸ்டீவன்சனுக்கு முன்பே, பிரிட்டிஷ் கடற்படையில் வேலை பார்த்த ஃபிரெடரிக் மாரியட் 1834இல் எழுதிய 'ஜேக்கப் ஃபெய்த்ஃபுல்' நாவலிலும் இது வருகிறது. பலர் இதை "என் எலும்பெல்லாம் நடுங்குது" என்று புரிந்துகொள்கிறார்கள். ஆனால் டிம்பர்ஸ் என்பது கப்பலின் விலாச்சட்டங்கள். "என் கப்பல் சுக்குநூறாகட்டும்" என்பதுதான் அந்தச் சத்தியம். நம் ஊர்க் கிழவிகள் "நான் நாசமாப் போக" என்று தலையில் அடித்துச் சொல்வதைப் போல.

அந்தச் சத்தியத்துக்குப் பின்னால் உண்மையான பயம் இருந்தது. மரக்கப்பல் காலத்துப் போர்களில் பீரங்கிக் குண்டு நேராக வந்து ஆளைக் கொன்றதைவிட, அது மரத்தைப் பிளந்தபோது பறந்த சிராய்கள் காயப்படுத்திய மாலுமிகள் அதிகம். ஆக, சிதறும் ஷிவரைப் பார்த்துத்தான் நடுங்கும் ஷிவர் வந்தது. இரத்த உறவு இல்லாத இரண்டு சொற்கள் ஒரே கப்பலில் வேலை பார்த்தன. பாய்மரத்தை அளவுக்கு மீறிக் காற்றின் முகத்துக்குத் திருப்பினால் பாய் படபடக்கும். அதற்கும் மாலுமிகளின் பெயர் ஷிவர்தான்.

நிலத்திலும் இவை சந்தித்த ஓர் இடம் உண்டு. இங்கிலாந்தின் டார்பிஷரில், காசில்டன் ஊருக்கு அருகே 517 மீட்டர் உயரத்தில் நிற்கும் மாம் டோர் என்ற குன்று. அதன் செல்லப் பெயர் 'ஷிவரிங் மவுண்டன்'. நடுங்கும் மலையா, சில்லாக உதிரும் மலையா? மணற்கல்லும் ஷேல் என்னும் மென்பாறையும் மாறி மாறி அடுக்கியது போன்ற உடம்பு அதற்கு. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் ஷேல் நொறுங்கிச் சரியும். அதன் அடிவாரத்தில் போட்ட சாலையைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டுப் பார்த்தார்கள். முடியவில்லை. 1979இல் வண்டிகளுக்கு மூடிவிட்டார்கள். உடைந்த தார் அடுக்குகளின் மேல் இன்று ஆட்கள் நடந்துபோகிறார்கள்.

இப்போது தம்பியின் பதிவுக்கு வருவோம். தமிழிலும் இதே விளையாட்டு நடக்கிறது. குளிர்ந்தால் 'சில்'லென்று இருக்கிறது, உடம்பு சிலிர்க்கிறது. உடைந்தால் சில்லு: தேங்காய்ச் சில்லு, பாண்டி ஆட்டத்தில் எறியும் ஓட்டுச் சில்லு. குளிரும் துண்டும் ஒரே ஒலியில்! ஆங்கிலத்திலிருந்து நாம் கடன் வாங்கியதாகச் சொன்னால் சிரிப்போம். அப்படியிருக்க, நம்மிடமிருந்து அவர்கள் வாங்கியதாகச் சொல்ல மட்டும் ஒலி ஒற்றுமை எப்படிப் போதும்? ஆங்கிலத்துக்குள்ளேயே ஒரே ஒலியுள்ள இரண்டு ஷிவரும் சொந்தமில்லை என்று இப்போதுதானே பார்த்தோம்.

தமிழிலிருந்து உண்மையிலேயே போன சொற்கள் தடம் விட்டுப் போயிருக்கின்றன. 1697இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் வருகிறது. யார் பார்த்தார், எங்கே பார்த்தார், எந்தப் பொருளைப் பார்த்தார் என்று மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அந்தக் கட்டுமரம்தான் 'கேட்டமரான்' ஆகி இரட்டை உடல் படகுக்குப் பெயராயிற்று. சிங்கப்பூரிலிருந்து பாத்தாமுக்குப் போகும் ஃபெர்ரிகள் சில அந்த வகைதான்.

சிறுபான்மையாய் வாழும் நமக்கு நம் மொழி எங்கும் போயிருக்கிறது என்று கேட்கும் ஆசை புரிகிறது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ஒரு பொய்யான ஷிவரைக் கொண்டுபோய் நிறுத்தினால், அடுத்து நாம் காட்டும் கட்டுமரத்தையும் எவரும் நம்ப மாட்டார்கள்.

இதையெல்லாம் சுருக்கித் தம்பிக்கு எழுதினேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு வந்தது: "அப்போ கறி, அண்ணே?"

"தேடு," என்றேன். "மொதல்ல எங்க எழுதியிருக்காங்கன்னு பாரு."