மும்மூர்த்திகளில் மூன்றாமவர்

ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம், 1950 முதற்கொண்டு இந்தியக் கால்பந்து அணியைப் பயிற்றுவித்து ஆசியாவின் முதல் வரிசையில் கொண்டுவந்து நிறுத்திய சரித்திரத்தைச் சென்ற வாரம் கண்டோம். அவ்வணியின் முன்வரிசையில் நின்று, நாட்டின் பெயரை விளங்கச் செய்த பிரதீப் குமார் பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம் ஆகிய மூவரும் மூன்றாண்டுக் காலத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக மறைந்துவிட்டார்கள். 2020 மார்ச் 20-ஆம் தேதி பானர்ஜியும், ஊரெல்லாம் அடங்கிக் கிடந்த அவ்வாண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி கோஸ்வாமியும், 2023 பிப்ரவரி 16-ஆம் தேதி பலராமும் காலமானார்கள்.

கல்கத்தா மைதானத்தில் இம்மூவரும் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்தவர்கள். பானர்ஜி கிழக்கு ரயில்வே அணிக்கு ஆடினார். பெரிய சங்கங்களின் கோட்டையாக விளங்கிய கல்கத்தா லீக் பட்டத்தை 1958-இல் அந்த அணி வென்றபோது அதன் தூணாக நின்றார். கோஸ்வாமி பால்யம் தொட்டு மோகன் பகான் சங்கம் ஒன்றுக்கே தம் ஆட்டத்தை அர்ப்பணித்தவர். பலராமோ மோகன் பகானின் ஜன்மப் போட்டியாளரான ஈஸ்ட் பெங்காலின் செல்லப்பிள்ளை; 1961-இல் அதன் தலைவராக இருந்து லீக் பட்டத்தை ஈட்டித் தந்தவர். உள்ளூரில் ஒருவரையொருவர் வீழ்த்தப் பாடுபட்ட இவர்களே, தேசத்தின் சட்டையை அணிந்த மாத்திரத்தில், ஒருவர் மனத்தில் எழுவதை மற்றவர் கால் அறியும் வண்ணம் ஒன்றி ஆடினார்கள்.

செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் எளிய தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த பலராம், ரஹீமின் கண்ணில் பட்டு, 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸுக்குச் சென்ற அணியில் இருபது வயதளவிலேயே ஸ்தானம் பெற்றார். நான்காண்டுகளுக்குப் பின் ரோம் நகரில், பானர்ஜியின் தலைமையில் சென்ற இந்திய அணி, பலம் பொருந்திய ஹங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் பலராம். பின்னர்ப் பெருவுடன் நடந்த ஆட்டத்திலும் இந்தியாவின் ஒரே கோல் அவருடையதே. இடப்புறத்தில் நின்று முன்னேறித் தாக்குவதோடு அமையாமல், அவசியம் நேர்ந்தபோதெல்லாம் நடுக்களம் வரை இறங்கிவந்து பந்தைப் பெற்று, தோழர்களுக்கு வழி சமைத்துக் கொடுப்பது அவருடைய ஆட்டத்தின் தனிச் சிறப்பு.

1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில், கோஸ்வாமியைத் தலைவராகக் கொண்ட இந்திய அணி முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோற்றது. தாய்லாந்துடன் ஆடுகையில் தற்காப்பின் அரணாகிய ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானைப் பானர்ஜியும் பலராமும் ஆளுக்கொரு கோல் அடித்து வென்றார்கள். பிற்பாடு, காயம்பட்ட ஜர்னைலை ரஹீம் துணிந்து முன்வரிசைக்கு மாற்றினார். செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதியாட்டத்தில் மீண்டும் தென்கொரியாவே எதிரே நின்றது. அப்போட்டிகளில் இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்தாரென்பதால் கோபமுற்றிருந்த பெருங்கூட்டம், ஆட்டம் முழுவதும் இந்தியருக்கு எதிராக ஆரவாரித்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, முதல் இருபது நிமிஷங்களில் பானர்ஜி ஒன்றும், கட்டுப்போட்ட தலையோடு ஜர்னைல் ஒன்றுமாக இரண்டு கோல்கள் விழுந்தன. கொரியர் கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பியும் பயனில்லை. தங்கப்பதக்கம் இந்தியாவுக்கே கிட்டியது. ஆசிய விளையாட்டின் கால்பந்தில் அதற்குப் பிறகு அந்தப் பாக்கியம் நமக்கு வாய்க்கவேயில்லை.

அடுத்த ஆண்டு துரதிருஷ்டம் இரு முனைகளில் தாக்கியது. நுரையீரல் புற்றுநோயால் ரஹீம் 1963 ஜூனில் காலமானார். அதே ஆண்டில், நுரையீரலைப் பற்றிய நோயொன்று பலராமின் ஆட்டத்தையும் முடிவுக்குக் கொண்டுவந்தது. ஓர் ஆட்டக்காரனின் திறன் பூரணமாக முதிரும் பிராயத்தில், முப்பது வயதுகூட நிறையாத நிலையில், அவர் மைதானத்தை விட்டு வெளியேறினார்.

இங்கேதான் நம் ஞாபகசக்தியின் குறை வெளிப்படுகிறது. பானர்ஜி பின்னர் புகழ்பெற்ற பயிற்சியாளரானார். 1977-இல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியை மோகன் பகான் சமன் செய்தபோது அதன் ஆசானாக இருந்தவர் அவரே. கோஸ்வாமி கிரிக்கெட்டிலும் வங்காளத்துக்குத் தலைமை தாங்கி, ரஞ்சிக் கோப்பையின் இறுதியாட்டம் வரை அழைத்துச் சென்றார். இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வந்தது. இருவரும் அதற்கு முற்றிலும் உரியவர்கள். பலராமுக்கு 1962-இல் அர்ஜுனா விருது கிடைத்ததோடு சரி. உத்தரபாராவில், கங்கைக் கரையோரம், திருமணம் செய்துகொள்ளாமல் தனியே வாழ்ந்து முதுமையெய்தினார். ரஹீமின் கதையைச் சொல்லும் ‘மைதான்’ திரைப்படம் 2024-இல் வெளிவந்தபோது, அம்மூவரில் ஒருவர்கூட அதைக் காண உயிரோடில்லை.

ஒருவன் எவ்வளவு காலம் நம் கண்முன் நடமாடினான் என்பதைக் கொண்டே அவன் பெருமையை அளக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. நோய் பறித்துக்கொண்ட ஆண்டுகளை ஆட்டக்காரனின் குற்றமாகக் கணக்கிடுவது தர்மமாகாது. அவன் ஆடிய நாட்களில் எட்டிய உயரத்தையே சரித்திரம் பதிவு செய்ய வேண்டும். அந்த அளவுகோலால் பார்த்தால், பானர்ஜி, கோஸ்வாமி என்று சொல்லும் வாய், மூச்சுவிடாமல் பலராம் என்றும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அடக்கம் நடந்த மறுநாள் இரங்கற்செய்தி எழுதுவதோடு அக்கடமை தீர்ந்துவிடாது. பந்தை உதைக்கத் தொடங்கும் ஒவ்வொரு சிறுவனுக்கும் அம்மூவரின் ஆட்டத்தையும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஜகார்த்தா இறுதியாட்டத்தில் இந்தியாவின் கோலைக் காத்த பீட்டர் தங்கராஜைப் பற்றி அடுத்த வாரம் விஸ்தாரமாகக் காண்போம்.

(தொடரும்)