பெயர் மாறிய கட்சிகள்

மக்களின் ஆதரவை இழந்த ஒரு கட்சி தன் பெயரை மாற்றிக்கொண்டு வந்தால், இழந்த வாக்குகள் திரும்புமா? இவ்வினாவுக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலாயா விடுதலை பெறுவதற்கு முந்திய சில ஆண்டுகளிலேயே இச்சோதனை இங்கே நடந்து முடிந்திருக்கிறது.

மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து 1946 ஆம் ஆண்டில் அம்னோவை நிறுவி, அதன் முதல் தலைவராக விளங்கியவர் டத்தோ ஓன் பின் ஜாபார். அம்னோவின் கதவைப் பிற இனத்தாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பின்னர் அவர் வற்புறுத்தினார். கட்சியோ இணங்கவில்லை. 1951 இல் தாம் எழுப்பிய வீட்டை விட்டுத் தாமே வெளியேறி, அவ்வாண்டு செப்டம்பரில் மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். எல்லா இனத்தாரும் அதில் சேரலாம். பத்தாண்டுகளுக்குள் நாடு விடுதலைக்கு ஆயத்தமாக வேண்டும் என்பது அதன் நோக்கம். டான் செங் லோக் தொடக்கத்தில் அதனை ஆதரித்தார். மலாயா இந்தியர் காங்கிரசும் அதன் பக்கமே நின்றது. இனப்பெயர் இல்லாத ஒரு கட்சியில் தமக்கும் இடமுண்டு என்று இந்தியர் நம்பிய காலம் அது.

அந்நம்பிக்கை ஐந்து மாதமே நிலைத்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தல் வந்தது. அம்னோவின் உள்ளூர்க் கிளையும், எச். எஸ். லீ தலைமை வகித்த சிலாங்கூர்ச் சீனர் சங்கமும் திடீரென்று கைகோத்துக்கொண்டன. இருந்த இடங்கள் 12. அவற்றுள் 9 இடங்கள் அக்கூட்டுக்குக் கிடைத்தன. சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே.

தோல்விக்குக் காரணம் பெயரா? அன்று. மலாய்க்காரருள் பலர், அம்னோவைக் கைவிட்டவர் என்று டத்தோ ஓனைக் குறை கூறினர். ஆங்கில ஆட்சியில் அவர் உள்துறைப் பொறுப்பும் ஏற்றிருந்தார். ஆகவே அவரை அரசாங்கத்தின் மனிதர் என்றே பலர் எண்ணினர். இவ்விரண்டு குறைகளையும் எந்தப் பெயர்ப்பலகையாலும் மறைக்க முடியாது.

இருந்தும், 1954 தொடக்கத்தில் சுதந்திரக் கட்சி மறைந்து ‘பார்ட்டி நெகாரா’ பிறந்தது. தலைவர் அவரே. புதிய பெயர் மலாய்ப் பெயர். இதில் ஒரு வியப்பு: நாட்டு மக்கள் ‘சுதந்திரம்’ என்ற சொல்லுக்காகவே ஏங்கிய வேளையில், அச்சொல்லையே தன் பெயரிலிருந்து அக்கட்சி நீக்கிவிட்டது! கூட்டணியோ நான்கே ஆண்டுகளில் விடுதலை என்று தேர்தல் அறிக்கையில் உறுதி கூறிற்று. நெகாரா கட்சியின் பேச்சும் மாறியது. வாக்காளரில் 100-க்கு 84 பேர் மலாய்க்காரர் என்ற கணக்கு, வெளிநாட்டார் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்துவது பற்றி அதனைப் பேச வைத்தது. முன்பு நம்பி வந்த பிற இனத்தார் விலகினர். மலாய்க்காரரின் உரிமையைப் பேச அம்னோ இருக்கும்போது, அதையே பேசும் இன்னொரு கட்சி அவர்களுக்கு எதற்கு? மலாயா இந்தியர் காங்கிரஸ் 1954 இல் கூட்டணியோடு சேர்ந்துகொண்டது.

1955 ஜூலை 27 ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலில், 52 இடங்களில் கூட்டணி 51 இடங்களைக் கைப்பற்றியது. எஞ்சிய ஒன்று இஸ்லாமியக் கட்சிக்கு. நெகாராவுக்கு ஒன்றுமில்லை, டத்தோ ஓனே ஜொகூர் பாருவில் தோற்றார். வாக்காளரில் இந்தியர் 100-க்கு ஐந்து பேர்கூட இல்லாத அத்தேர்தலில், கூட்டணி நிறுத்திய இரண்டு இந்தியரும் வென்றனர் என்பதை இங்கே நோக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் வி. தி. சம்பந்தன். கூட்டணியில் சேர்ந்த கட்சிகள் எதுவும் தன் பழைய பெயரை விடவில்லை. 1952 இல் தோற்ற கட்சியிடம் ஒரு கொள்கையாவது இருந்தது; 1955 இல் தோற்றபோது அதுவும் கையில் இல்லை.

1959 இல் கோலத் திரங்கானுவில் டத்தோ ஓன் ஒருவர் மட்டும் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். 1962 ஜனவரியில் அவர் மறைந்தார். 1964 தேர்தலில் கட்சிக்கு ஓரிடமும் கிட்டவில்லை.

சிங்கப்பூரிலும் இதே கதைதான். முன்னேற்றக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் 1955 தேர்தலில் முறையே நான்கும் இரண்டுமாக இடங்கள் பெற்று, மறு ஆண்டு ‘லிபரல் சோஷலிஸ்ட் கட்சி’ என ஒன்றாயின. 1959 இல் 32 பேரை நிறுத்தி ஒருவரையும் வெல்விக்கவில்லை.

இதற்கு மாறாகத் தோன்றுவது தேசிய முன்னணி. 1969 தேர்தலில் தீபகற்பத்தில் கூட்டணிக்குப் பதிவான வாக்குகளில் பாதிகூடக் கிடைக்கவில்லை. 1974 இல் புதுப் பெயரோடு வந்தபோதோ 154 இடங்களில் 135 அதன் வசமாயின. பெயர் வென்றது என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1969 இல் கூட்டணியை எதிர்த்து நின்ற இஸ்லாமியக் கட்சி, கெராக்கான், மக்கள் முற்போக்குக் கட்சி ஆகிய மூன்றும் 1974 இல் முன்னணிக்குள்ளேயே இருந்தன. அவை தத்தம் வாக்குகளோடு வந்து சேர்ந்தவை.

டத்தோ ஓனின் மகன் உசேன் ஓன், 1951 இல் தந்தையோடு அம்னோவை விட்டு வெளியேறியவர். 1968 இல் அவர் அம்னோவுக்கே திரும்பினார். 1976 இல் நாட்டின் பிரதமரானார்.